அணையாத் தீக்குக் காவல்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, இடது பக்கம் பிரிகிற தெருவுக்குள் நுழைந்தால் வெள்ளைத் தூண்களோடு ஒரு கட்டடம் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கல்யாண மண்டபம் என்று நினைத்துப் பந்தி எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் நகைக்கடை என்பார்கள். இரண்டும் இல்லை. வாசலில் பளிங்குக் கல்லில் 'பிரிதனேயம் – ஊரின் பொது அடுப்பு' என்று வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே கட்டியவர் பெயர், கட்டடத்தின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கிறது. அடுப்பு எங்கே ஓடிவிடப் போகிறது, பெயர்தானே முக்கியம்.

கட்டியவர் திருமலை. வேங்கிக்கால் பக்கம் மனை பிரித்து விற்கிறவர். தெரு நலச் சங்கத்துக்கும் அவரே தலைவர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு நிற்கவில்லை, நிற்கவும் விடவில்லை. அவர் வீட்டு மாடியில் தெஸ்பினா என்கிற கிரேக்க நாட்டு அம்மா குடியிருந்தார். மலையை ஒரு தரம் சுற்றிவிட்டுப் போகலாம் என்று வந்தவர், தலை நரைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் பாடப் புத்தகம் பேசுவது போல இருக்கும்.

ஒருநாள் மாடியில் ஒழுகுகிற இடத்தில் பூச்சு வேலை நடந்தது. கூலியாள் அப்பாதுரை கலவை கலக்கிக்கொண்டிருந்தான். திருமலை வாடகை பேச மேலே வந்திருந்தார். தெஸ்பினாம்மா வாடகைப் பேச்சிலிருந்து தப்பிக்க ஊர்க்கதை ஒன்றை எடுத்துவிட்டார்.

"எங்கள் பழைய ஊர்களில், ஊருக்கு நடுவே பிரிதனேயம் என்று ஒரு கட்டடம் இருக்கும். வீட்டுக்கு ஓர் அடுப்பு இருப்பது போல ஊருக்கு ஓர் அடுப்பு. அங்கே எரிகிற தீ ஒரு தெய்வம். அதை அணையவே விட மாட்டார்கள். வேற்றூரிலிருந்து தூது வந்தால் அங்கேதான் விருந்து. ஊருக்கு நன்மை செய்தவர்களுக்கு அங்கே சாகும்வரை இலவசச் சாப்பாடு. மக்கள் புறப்பட்டுப் போய்ப் புது ஊர் கட்டினால், அந்த அடுப்பிலிருந்துதான் தீ எடுத்துப் போவார்கள்."

ஒரே கதைதான். ஆனால் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொன்று விழுந்தது. அப்பாதுரை காதில் இலவசச் சாப்பாடு விழுந்தது. திருமலை காதில் புது ஊர் விழுந்தது. வேங்கிக்காலில் அவர் பிரித்துப் போட்டிருந்த மனைகளில் பாதி விற்காமல் முள் முளைத்துக் கிடந்தது. தாய் அடுப்பிலிருந்து தீ எடுத்து மனைக்கு மனை கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தப் பெங்களூர்க்காரன்தான் வாங்க மாட்டான்? அவர் வாடகையை மறந்தே கீழே இறங்கிப் போனார். தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டடம் எழும்பியது. அதன் செங்கல் முழுக்க அப்பாதுரை தலைமேல் ஏறி இறங்கியதுதான். அவன் தலையில் சும்மாடு வைத்த வயதில் மற்ற பிள்ளைகள் சிலேட்டு வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து மண்ணும் ஜல்லியும் சுமந்து சுமந்து இரண்டு முட்டியும் தேய்ந்து, மாடி ஏறும்போது அவனுக்கு முன்னால் அவை முனகும். தூணுக்கெல்லாம் வெள்ளை அடித்து முடித்த அன்று திருமலை அவனைக் கூப்பிட்டார்.

"அப்பாதொர, தீயப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்யா. எந்நேரமும் எரியணும். கட்டை போடணும், சாம்பல் அள்ளணும். நாற்காலி போட்டுத் தரேன், உக்காந்துனே பாத்துக்கலாம். இன்னா சொல்ற?"

அவன் என்ன சொல்வான்? உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும். அது மனிதர்களுக்குக் கிடைக்கும் என்றும் தெரியும். தனக்குக் கிடைக்கும் என்று மட்டும் தெரியாது.

"முட்டிக்குச் சாமி கண்ணு தொறந்துட்டுதுமே," என்று வீட்டில் வந்து சொன்னான்.

அவன் மனைவி உண்ணாமலை அவனுடைய சும்மாட்டுத் துணியைத் துவைத்து மடித்து, பரணில் வைத்தாள். தூக்கிப் போடவில்லை.

"அத ஏன் வெச்சிக்கினு கீற? இனிமே எதுக்கு?"

"நாற்காலிக்கு நாலு காலுதான்யா. திருமலை நாக்குக்கு எத்தினி காலுன்னு உனுக்குத் தெரியுமா? இருக்கட்டும்."

திறப்பு விழா அன்று மேளம் வந்தது, பந்தல் வந்தது, மாலை வந்தது. நடுக் கூடத்தில் சதுரமாகக் குழி கட்டி, சவுக்குக் கட்டையும் வரட்டியும் அடுக்கியிருந்தது. மலைமேலிருந்து கொண்டுவந்த புனிதத் தீ என்று செயலாளர் வேணு ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருக்க, தலைவர் கையில் இருந்த தீப்பெட்டி விடிகாலைத் தூறலில் நமுத்துப்போய் ஒரு குச்சியும் பற்றவில்லை. புனிதத் தீ தீப்பெட்டிக்குள் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மாலை கிடைக்காது. அப்பாதுரை பின்வாசல் வழியாக ஓடி, எதிரே அய்யூப் பாய் டீக்கடை அடுப்பிலிருந்து எரிகிற கட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"இன்னா தொர, உங்க சாமிக்கு என் அடுப்புதான் ஆத்தாளா?" என்று பாய் சிரித்தார்.

"சும்மா இரு பாய், மைக்குல உழுந்துடும்."

அப்படித்தான் மலைமேலிருந்து தீ வந்தது.

பிறகு, ஊருக்கு நன்மை செய்தவர்கள் யார் யார் என்று சங்கம் கூடி முடிவு செய்தது. அவர்களுக்கு ஞாயிறுதோறும் அங்கே சாப்பாடு. முதல் ஆள் தலைவர், கட்டடம் கட்டியவர். இரண்டாவது ஆள் வேணு. முதல் ஆளின் பெயரை முன்மொழிந்தவர். மூன்றாவது, கோயிலுக்கு டியூப்லைட் தந்த ஒருவர். அந்த விளக்கில் அவர் பெயர் முழுக்க எழுதிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் கொஞ்சம் வெளிச்சமும் வரும். நான்காவது தலைவரின் மச்சான். அவர் ஊருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அதுவே பெரிய நன்மைதான்.

"அய்யூப் பாயப் போடலாமே," என்று யாரோ பின்வரிசையிலிருந்து சொன்னார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றிவிட்டுக் கால் வீங்கி வருகிறவர்களைக் கடை பெஞ்சில் உட்காரவைத்து, வெந்நீர் கொடுத்து அனுப்புகிறவர் பாய்தான். தெருவில் பிணக்கு என்றால் அவர் பெஞ்சில்தான் பேசித் தீர்ப்பார்கள். திருமலையின் பாகப்பிரிவினையே அங்கேதான் முடிந்தது.

"டீக்கடைக்காரருக்கு இன்னாத்துக்குச் சோறு?" என்றார் தலைவர். "அவர்கிட்டதான் பன்னு இருக்குதே."

அப்பாதுரை நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டான். தீக்காவல்காரனுக்கு வாய் கிடையாது, கட்டை மட்டும்தான். அன்று மாலை பாயிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உட்றா தொர. அந்த மூஞ்சிங்களோட பந்தியில குந்தினா எனக்குச் சோறு எறங்குமா? நீ சொல்லு, நாற்காலி எப்படிக் கீது?"

"சொகமா கீது பாய். முட்டி முனகறது இப்ப கம்மி."

"அதான் வேணும். அத உட்டுடாத."

அதைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். தலைவரைப் பார்த்தால் எழுந்து நின்றான். வேணு விருந்தினரிடம் "பல மாதமா ஒரு நொடிகூட அணையாத தீ" என்று அளக்கும்போது தலையாட்டினான். நாற்காலி இருக்கிறவனுக்குத் தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய விழா வைத்தார்கள். பெங்களூரிலிருந்து மனை வாங்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வருகிறார்கள். மதியம் பிரிதனேயத்தில் விருந்து. விருந்து முடிந்ததும் தாய் அடுப்பிலிருந்து ஆளுக்கொரு மண்சட்டியில் தீ எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் மனைக்கு ஊர்வலம். சட்டிகளில் 'திருமலை நகர்' என்று அச்சடித்தாகிவிட்டது.

அன்று விடியலில் அய்யூப் பாய் இறந்துபோனார். தொழுதுவிட்டு வந்து, கடை அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அன்றும் சேதி பரவியதும் வீட்டுக்கு வீடு அடுப்பு குளிர்ந்தது. பாதி வெந்த இட்லியைக்கூட இறக்கிவைத்தார்கள். முக்கில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடை மட்டும் திறந்திருந்தது. அங்கே விற்கும் பச்சை இலையை வேகவைக்கும் பழக்கம் எப்போதும் கிடையாது.

பாய் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுப்பதாகச் சேதி. அப்பாதுரை போய்ப் பாய் முகத்தைப் பார்த்தான். பாயின் மகன் சாகில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா," என்றான். சாகிலுக்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் சின்னப் பையன் போலத்தான் இருந்தான்.

அப்பாதுரை திரும்பி வந்தபோது பிரிதனேயத்தில் கட்டை சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் சமையல்காரர்கள் அண்டாவில் சாம்பார் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெளியூர். திருமலை பட்டு வேட்டியில் நின்றார்.

"தலைவரே, பாய் போயிட்டாரு."

"கேள்விப்பட்டேன்யா. பாவம், நல்ல மனுசன். மாலைக்கு வேணுகிட்டச் சொல்லிட்டேன். நீ இன்னும் ரெண்டு கட்டை போடு, தீ கம்மியா தெரியுது."

"தெருவுல அடுப்பு எரியலீங்க."

"இது அடுப்பா? இது சின்னம்யா!"

"வாசல்ல அடுப்புன்னுதானே வெட்டிக்கீதுங்க. நான்தான் அந்தக் கல்லைத் தூக்கினு வந்தேன்."

தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலி கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. "அவங்க ஆளுங்களுக்கு இந்த அடுப்பு சாங்கியமெல்லாம் கெடையாதுய்யா. நீ ஏன் போட்டு ஒழப்பிக்கற?"

"அவங்களுக்கு இல்லீங்க. நமக்கு இருக்குதுங்களே." அவன் குரல் தாழ்ந்தது. "உங்க அப்பா தவறினப்ப, உங்க தம்பி துபாய்லேருந்து வரணும்னு பொழுது சாயறவரைக்கும் வெச்சிருந்தீங்க. அன்னிக்கிப் பௌர்ணமி. தெருவுல நடக்க எடமில்லாத கூட்டம். பாய் அடுப்பு மூட்டலீங்க தலைவரே. கடைய சாத்திட்டு உங்க வாசல்ல குந்தினு இருந்தாரு."

"அது வேற."

"ஒரு மணி நேரந்தாங்க. லுஹர் முடிஞ்சா எடுத்துடுவாங்க. அப்பறம் எரியவுட்டுச் சோறு போடலாம்."

"வேன் செங்கம் தாண்டிடுச்சுய்யா! அவங்க வந்து பாக்கும்போது தீ இல்லன்னா சட்டியில இன்னாத்த அள்றது, உன் தலையையா? இத பாரு. இந்தத் தீ அணைஞ்சா, உன் நாற்காலியும் அணைஞ்சிடும். அவ்ளோதான்." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலைவர் வேனை எதிர்கொள்ள வெளியே போனார்.

அப்பாதுரை நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் ஒன்றும் வீரன் இல்லை. தலைவர் சொன்னதும் நியாயந்தான் என்று அவன் மனதுக்குள் ஒரு குரல் சொன்னது; அந்தக் குரல் முட்டியிலிருந்து வந்தது. இரண்டு கட்டையை எடுத்தும் போட்டான். ஈரக் கட்டை. புகை கிளம்பி, தூண்களுக்கு நடுவே புகுந்து, காற்று போன போக்கில் எதிர்ப் பந்தலுக்குள் போனது. பந்தலில் உட்கார்ந்திருந்த தெருக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்துத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவன் உட்கார்ந்தே இருந்திருப்பான்.

அவன் எழுந்தான். மூலையில் கலவைக்கு வைத்திருந்த பழைய அண்டாவில் தண்ணீர் இருந்தது. தூக்கினான். முட்டி முனகியது. தெய்வத்தின் தலையில் ஊற்றினான். புஸ் என்று ஒரு சத்தம். பிறகு சாம்பல் மணம். மாதக்கணக்கில் ஒரு நொடிகூட அணையாத தீ, ஒரு அண்டாவில் முடிந்துபோனது.

வேன் வந்தது. பெங்களூர்க்காரர்கள் கையில் சட்டியோடு குழியைச் சுற்றி நின்று ஈரச் சாம்பலைப் பார்த்தார்கள். ஒருவர் அதைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். திருவண்ணாமலைக்கு வந்தால் சாம்பலைப் பார்த்ததும் கை தானாகப் போய்விடும் போலிருக்கிறது. வேணு, "இது தியான நேரம், தீ ஓய்வெடுக்குது," என்றார். அந்த நேரம் பார்த்து எதிரே பாயைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கினார்கள். தெரு முழுக்க எழுந்து நின்றது. அப்பாதுரையும் ஒரு தோள் கொடுத்தான். வாழ்க்கையில் சுமந்த சுமைகளில் அது ஒன்றுதான் முட்டியில் வலிக்காமல் போனது. வேனில் வந்தவர்கள், மனை வாங்க வந்த இடத்தில் தீயும் அணைந்து சாவும் விழுந்த அபசகுனத்தைப் பேசிக்கொண்டே, சாம்பார் சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு, மனையைப் பார்க்காமல் ஊர் திரும்பினார்கள்.

வாசலில் 'அணையாத் தீ – பராமரிப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டுள்ளது' என்று அட்டை தொங்கியது. மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, சாகில் கடையைத் திறந்த காலையில் விசாரணை நடந்தது. ஊருக்கு நன்மை செய்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலியாக இருந்த நாற்காலி அப்பாதுரையுடையது; அவன் அதன் பக்கத்தில் நின்றான். தெஸ்பினாம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள், சட்டம் தெரிந்தவர் என்று.

"உங்க ஊருல தீய அணைச்சவனுக்கு இன்னா பண்ணுவாங்க, சொல்லுங்க மேடம்," என்றார் தலைவர்.

தெஸ்பினாம்மா யோசித்தார். "எங்கள் நாட்டிலும் சில ஊர்களில் வீட்டில் சாவு நேர்ந்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அந்தத் தீ தீட்டுப்பட்டது. பிறகு வேறோர் இடத்திலிருந்து புதுத் தீ கொண்டுவருவார்கள். அப்பாதுரை செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை."

கிரேக்கம் இப்படிக் காலை வாரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "நல்ல விசயம். வேணு, விதியாவே எழுதிக்க. சாவு விழுந்தா கிரேக்க முறைப்படி தீ அணைக்கப்படும். அடைப்புக்குறி போட்டு, சங்க உறுப்பினர் சாவுக்கு மட்டும்." பிறகு அப்பாதுரை பக்கம் திரும்பினார். "ஆனா அன்னிக்கி விதி இல்ல. நீ என் பேச்ச மீறின. வேன் திரும்பிப் போச்சு. நீயே சொல்லு, நாங்க நாயமானவங்க. உனுக்கு இன்னா பண்ணலாம்?"

அப்பாதுரைக்குக் கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. களைப்பு வந்தால் அவனுக்கு வாய் திறந்துகொள்ளும்.

"ஞாயித்துக்கெழம சோறு போடுங்க தலைவரே."

"இன்னா?"

"ஊருக்கு நல்லது பண்ணவங்களுக்கு இங்க சோறுன்னு சொன்னீங்களே. தெருவு மானத்தக் காப்பாத்திக் கீறேன். உங்க மச்சான் பக்கத்துல ஒரு எலை போட்டா போதும்."

மச்சான் இருமினார். தெஸ்பினாம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னியுங்கள். எங்கள் ஊரில் ஒரு கிழவர் இருந்தார். தெருவில் நின்று பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்பார். அவரை விசாரித்து, உனக்கு என்ன தண்டனை தரலாம், நீயே சொல் என்றார்கள். அவர் சொன்னார், எனக்குப் பிரிதனேயத்தில் சாப்பாடு போடுங்கள் என்று. இதே பதில்!"

அப்பாதுரைக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு நம்பிக்கை துளிர்த்தது. "போட்டாங்களாம்மா?"

"இல்லை. விஷம் கொடுத்தார்கள்."

"பாத்தியா!" தலைவர் தொடையைத் தட்டினார். அன்று முதன்முறையாக அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. "நாங்க எவ்ளோ தங்கமானவங்க பாத்துக்க. வேலைய உட்டுத்தான்யா தூக்கறோம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புதுக் காவல்காரராக மச்சானைப் போட்டார்கள். நாற்காலிக்கு மெத்தை தைக்கச் சொன்னார்கள்.

அப்பாதுரை தெருவைக் கடந்து வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான். உண்ணாமலை அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். மடித்த சும்மாட்டுத் துணி அவள் இடுப்பில் இருந்தது. வேங்கிக்காலில் ஜல்லி சுமக்க ஆள் எடுக்கிறார்களாம், லாரி முக்கில் நிற்கிறதாம்.

"அதுக்குள்ள யாரு சொன்னா உனுக்கு?"

"சொல்லணுமா? அண்டாத் தண்ணி காலியான அன்னிக்கே பரணுலேருந்து எறக்கிட்டேன்." அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஊத்தலன்னா, நானே வந்து ஊத்தியிருப்பேன்யா. டீயக் குடி."

சாகில் இரண்டு டீயை வைத்தான். அப்போது வேணு பித்தளைத் தட்டோடு வந்தார். தெரு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாகிலு, ஒரு கட்டை நெருப்பு குடுப்பா. மலைமேலேருந்து புதுத் தீ வருதுன்னு மைக்குல சொல்லிட்டோம். நேரமாவுது."

சாகில் அடுப்பையும் பார்த்தான், அப்பாதுரையையும் பார்த்தான். கையில் இடுக்கி அப்படியே நின்றது.

"குடு மாப்ள," என்றான் அப்பாதுரை, துணியைச் சுருட்டிச் சும்மாடு கூட்டிக்கொண்டே. "நல்லா புடிச்ச கட்டையாப் பாத்துக் குடு. அங்க குனிஞ்சி ஊதறதுக்கு ஆளு கெடையாது."